திரும்பி வந்து கேட்பவர்

ஊர்காவற்றுறையிலிருந்து பிற்பகல் ஒன்றரைக்குப் புறப்படும் பஸ்ஸில் ஏறிப் போன ஒருவர் மண்கும்பானில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸை மறித்து ஏறித் திரும்பி வருகிறார் என்றால், குடையையோ கண்ணாடியையோ விட்டுவிட்டுப் போனார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் டொக்டர் விட்டுவிட்டுப் போனது ஒரு கேள்வியை.

நான் கிளினிக் அறையைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வியர்வை வழிய விறாந்தையில் ஏறினார்.

"கரம்பொன் ஐயா தனியவோ இருக்கிறார்?"

"ஓம் டொக்டர். மனிசி காலமாயிட்டா. பிள்ளையள் கனடாவில."

"அவருக்குப் பதினாலு நித்திரைக் குளிசை குடுத்துவிட்டனான்."

நான் என் சைக்கிளிலும் அவர் வைத்தியசாலைச் சிற்றூழியரின் சைக்கிளிலும் கரம்பொன்னுக்குப் போனோம். அந்த முதியவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பவில்லை.

"என்ன டொக்டர், தந்ததைப் பறிக்கவோ வந்தனீர்?"

"ஓம் ஐயா. ரெண்டை வைச்சுக்கொண்டு மிச்சத்தைத் தாங்கோ."

"ஏன், எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிட்டுப் படுத்திடுவன் எண்டு பயமோ?"

"ஓம்."

நான் நிலத்தைப் பார்த்தேன். முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லும் டொக்டரை நான் கண்டதில்லை. முதியவரும் கண்டிருக்கமாட்டார். அவர் மடியிலிருந்த கடதாசிப் பையை எடுத்து நீட்டினார். அது மடியிலேயே இருந்தது என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை. டொக்டர் திண்ணைக் குந்தில் இருந்து அவருடன் கதைக்கத் தொடங்கினார். குளிசைகளைப் பக்கத்துக் கடைக்கார அக்காவிடம் கொடுத்து, ஒவ்வொரு பின்னேரமும் ஒன்று மட்டும் கொடுக்கச் சொல்லி ஏற்பாடு செய்து முடித்தபோது டொக்டருக்குக் கடைசி பஸ்தான் கிடைத்தது.

அவருக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருக்காது. மெலிந்த ஆள். சேட்டின் ஒரு கை மடித்திருக்கும், மற்றது மடிக்காமல் இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாயில் யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வந்து எங்கள் வைத்தியசாலையில் மனநோய்க் கிளினிக் நடத்துவார். சமாதான காலம் என்று சொல்லப்பட்ட ஆண்டுகள் அவை. வெடிச்சத்தம் இல்லை. ஆனால் சந்திக்குச் சந்தி கடற்படையின் காவலரண் அப்படியே இருந்தது.

நான் அவருடைய கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். கடற்தொழில் செய்யும் எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். கடலுக்குப் போகக் கடற்படை தரும் பாஸை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னவள், அம்மாவுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியவள். பட்டணத்தில் ஆறு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழுடன் வந்து, சாறி உடுத்து, மேசைக்குப் பின்னால் இருந்தேன். எங்கள் தெருச் சனம் நோயாளரைக் கூட்டிக்கொண்டு வரும்போது, 'எங்கட பிள்ளை இருக்கிற இடம்' என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது பெரிய பெருமை.

அந்தப் பெருமைக்கு இடைஞ்சலாக இருந்தவர் டொக்டர்தான். நோயாளர் முன்னாலேயே, "எனக்கு இன்னும் விளங்கேல்ல" என்பார். ஒருமுறை இல்லை, ஒரு நாளைக்குப் பத்து முறை. நேற்று எத்தனை மணிக்கு எழும்பினார், யார் தேத்தண்ணி போட்டது, குடித்தாரா, வைத்துவிட்டுப் போனாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு பேனையை மூடுவார். திறப்பார். மருந்து எழுதுவார். எழுதியதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். "நான் நினைக்கிறது பிழையெண்டா அது முதல்ல ஆருக்குத் தெரியவரும்?" என்று கூட வந்தவர்களைக் கேட்பார். பெரும்பாலும் வீட்டில் கடைசியாகப் படுக்கிறவரின் பெயரைச் சொல்வார்கள். அந்த ஆளையும் அடுத்த முறை கூட்டி வரச் சொல்வார்.

ஒரு தாய் விறாந்தையில் நின்று உரத்த குரலில் சொன்னாள்: "காய்ச்சல் டொக்டர் மூஞ்சையைப் பாத்தே மருந்துத் துண்டு எழுதுறார். இவர் என்னெண்டா என்ர பெடியன் எந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்கிறவன் எண்டு கேக்கிறார்."

சிற்றூழியராக இருந்த அண்ணை ஒவ்வொரு கிளினிக் முடிவிலும் என்னைச் சீண்டுவார். "பிள்ளை, உங்கட டொக்டருக்கு இண்டைக்காவது விளங்கினதோ?"

எனக்கு முகம் சுருங்கிப்போகும். டொக்டருக்கே தெரியாது என்று ஊர் நினைத்தால் எனக்கு என்ன மரியாதை? ஆகவே அவர் இழுத்து நிறுத்திய இடத்தையெல்லாம் நான் முடித்து வைத்தேன். அவர் "பாப்பம்" என்றால், வெளியே வந்து, "இது நல்ல மருந்து, கட்டாயம் சுகம் வரும்" என்பேன். அவர் "இப்படியும் இருக்கலாம்" என்றால், "இதுதான்" என்பேன். சனத்துக்கு அது பிடித்தது. எனக்கும் பிடித்தது.

றெஜினாவை எனக்கு அரிவரி வகுப்பிலிருந்தே தெரியும். ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு அவள் நின்றுவிட்டாள், நான் படித்தேன். தையல் தைத்துத் தாயையும் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு ஒருமுறை நித்திரை இல்லாமல் போயிற்று. நான்கு நாட்கள் கண் மூடாமல் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் இறங்குதுறைக் காவலரணுக்கு நேரே நடந்து போனாள். தன்னை இந்தத் தீவுக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறது, முகாமைப் பார்வையிட வேண்டும் என்று சொல்லி, முள்ளுக்கம்பியைத் தூக்கிக் குனிந்தாள். காவலுக்கு நின்ற கடற்படைக்காரன் துவக்கை நீட்டிவிட்டான். அந்த வழியால் வந்த வான் சாரதி ஒருவருக்குச் சிங்களம் தெரிந்ததால்தான் அவள் உயிரோடு வீடு வந்தாள்.

முதலில் கொடுத்த குளிசை அவளை அமைதியாக்கியது. ஆனால் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்துப்போனது. ஊசியில் நூல் கோக்க ஏலவில்லை. "இப்பிடி இருக்கிறதிலும் பாக்க நேவி சுட்டிருக்கலாம்" என்று டொக்டரிடமே சொன்னாள்.

டொக்டர் இரண்டு கிளினிக் யோசித்தார். மூன்றாவதில் லித்தியம் எழுதினார். எழுதுமுன் என்னிடம் சொன்னார்: "இது நல்லாப் பிடிக்கும். ஆனா அளவு கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. ரத்தம் எடுத்து அளவு பாக்கக் கொழும்புக்கு அனுப்ப வேணும். மறுமொழி வர நாள் எடுக்கும். தீவில இருக்கிற ஒரு ஆளுக்கு இதைக் குடுக்கிறது சரியோ எண்டு எனக்குத் தெரியேல்ல. குடுக்காட்டி அவள் திரும்பவும் அந்தக் கம்பிக்குக் கிட்டப் போவாள்."

பிறகு றெஜினாவின் தாயை உள்ளே கூப்பிட்டார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சத்தி எடுத்தாலோ வயிற்றாலே போனாலோ குளிசையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்றார். "அதோட அம்மா, சாப்பாட்டில உப்பு..." என்று தொடங்கினார்.

நான் சிரித்துவிட்டேன். "டொக்டர், எங்கட ஆக்கள் கருவாட்டுக்கே உப்புத் தொட்டுத் தின்னுறவை. குறைக்கச் சொன்னாலும் குறைக்க மாட்டினம்."

தாயும் சிரித்தாள். டொக்டரும் சிரித்தார். வாசலில் இன்னும் பதினெட்டுப் பேர் நின்றார்கள். உப்புக் குறைந்தால் இந்தக் குளிசை உடம்பில் தேங்கி நஞ்சாகும் என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் அடுத்த நோயாளியின் துண்டை எடுத்தார்.

ஆறு மாதம் றெஜினா நன்றாக இருந்தாள். இரத்த மறுமொழிகளும் சரியாக வந்தன. தையல் மெசின் ஓடியது. எனக்குச் சட்டை தைத்துத் தந்தாள். கழுத்து மட்டும் கொஞ்சம் பெரிது.

எங்கள் கத்தோலிக்கச் சனத்தின் நாற்பது நாள் தவக்காலம் வந்தது. இரண்டாம் கிழமைக் கிளினிக்கில் றெஜினாவின் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்த டொக்டர், இலேசான நடுக்கம் இருக்கிறது, இந்தக் குளிசைக்கு இவ்வளவு இருக்கலாம் என்றார். தன் குவாட்டர்ஸ் தொலைபேசி இலக்கத்தை என் கொப்பியில் எழுதினார். "கூடினால் உடன எனக்கு எடும். யோசிக்க வேண்டாம், எடும்."

அடுத்த கிழமை வியாழக்கிழமை நான் றெஜினா வீட்டுக்குப் போனபோது அது கூடித்தான் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க அவளுக்கு ஏலவில்லை. பேச்சு குழறியது. சாப்பாடு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். தாய் எனக்கு ஒரு கிண்ணம் கஞ்சி தந்தாள். அதில் உப்பே இல்லை. மகளின் யோசனையில் போட மறந்துவிட்டாள் பாவம் என்று நினைத்து, முகம் காட்டாமல் குடித்தேன்.

என் பயிற்சிக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: நோயாளர் குளிசையை ஒளித்துவிட்டால் நோய் திரும்பும். நான் தாயைத் தனியே கூப்பிட்டேன்.

"மாமி, இவள் குளிசை போடுறாளில்லைப் போல. பழைய குணம் திரும்புது. இனி நீங்களே கையில குடுத்து, விழுங்கினாப் பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கோ."

"நீ சொன்னாச் சரி, பிள்ளை."

டொக்டருக்கு நான் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்தால் பத்துக் கேள்வி கேட்பார், கடைசியில் விளங்கவில்லை என்பார். எனக்குத்தான் விளங்கிவிட்டதே.

தாய் நான் சொன்னபடியே செய்தாள். ஒரு வேளை கூடத் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை றெஜினாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிற்க ஏலவில்லை. கை கால் உதறியது. சத்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்தாள், ஆனால் என்னை அடையாளம் கண்டாளா என்று தெரியவில்லை. டொக்டர் ஒரு முறை பார்த்ததும் மற்ற நோயாளரை வெளியே இருக்கச் சொன்னார். சேலைன் ஏற்றினார்கள். இரத்தம் எடுத்தார்கள். அம்புலன்ஸ் வரும்வரை அவர் கட்டிலடியை விட்டு அசையவில்லை.

"அம்மா, வீட்டில என்ன மாறினது?"

"ஒண்டும் மாறேல்ல ஐயா. குளிசை ஒழுங்காக் குடுத்தனான். பிள்ளை சொன்ன மாதிரி வாயைத் திறந்தும் பாத்தனான்."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

"டொக்டர்... கஞ்சியில உப்பில்லை. வியாழக்கிழமை."

தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடனை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது. அவளுடைய குடும்பத்துப் பெண்கள் பெரிய நேர்த்தி வைத்தால் உப்பை விடுவார்கள். கடலில் பிழைக்கிறவர்கள் மாதாவுக்கு வேறெதை விட்டுக் கொடுப்பது? மகளுக்கு இந்த நோய் இனி வரக்கூடாது என்று, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் முதல் உயிர்த்த ஞாயிறு வரை தன் பானையில் உப்பு விழாது என்று அவள் நேர்ந்திருந்தாள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பெரியம்மா வைத்த நேர்த்தியும் இதுதான். படித்த பிறகு அதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டேன்.

அம்புலன்ஸ் போன பிறகு டொக்டர் றெஜினாவின் கோப்பைத் திறந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'உப்பைப் பற்றித் தாய்க்கு நான் விளக்கவில்லை. என் பிழை.'

"அது நான் குறுக்கால சொன்னது டொக்டர்."

"நீர் சொன்னீர். நம்பினது நான்தானே."

"வியாழக்கிழமை உங்களுக்கு எடுக்காததும் நான்தான்."

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. "உம்மட பங்கை உம்மட கொப்பியில எழுதும். இதில எழுத இடம் காணாது" என்றார். எழுதினேன். என் அழகான கையெழுத்தில் அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

றெஜினா தப்பினாள். ஐந்தாம் நாள் பட்டணத்து ஆஸ்பத்திரி விடுதியில் எழும்பி இருந்து, தான் தைத்துத் தந்த என் சட்டையைப் பார்த்து, "கழுத்துப் பெரிசாத்தான் போச்சு, கழட்டித் தா, பிடிச்சுத் தாறன்" என்றாள். நான் அவள் முன்னால் அழுதேன்.

ஆனால் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. லித்தியத்தை நிறுத்தியாயிற்று. உயிர்த்த ஞாயிறு இன்னும் இரண்டு கிழமை தள்ளி இருந்தது. தாய் நேர்த்தியை முறிக்க மாட்டாள். முறித்தால் மகளுக்குத்தான் கேடு என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பொறுமை இழந்தேன்.

"டொக்டர், நீங்கள் ஒரு சத்தம் போட்டால் போடுவா உப்பு."

"எனக்கு முன்னால ஓம் எண்டுவா. வீட்டில போடமாட்டா. நான் அந்த ஓமை நம்பிக் குளிசை குடுப்பன். அதுதான் எல்லாத்திலும் ஆபத்து."

"அப்ப என்ன செய்யிறது?"

"உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குளிசை இல்லை. பழைய குளிசை குடுத்தால் திரும்ப விறைச்சுப் போவாள், எங்களை விட்டு ஓடிவிடுவாள். பாத்துக்கொண்டு இருப்பம். பிழையாப் போகவும் கூடும்."

பிழையாகப் போனால் எங்கே போய் முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். காவலரண் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை போவேன். எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழும்பினாள், வேகமாகப் பேசினாளா, பாடினாளா? அவள் பாட்டுப் பாடினால் எத்தனை பாட்டு என்று எண்ணுவேன். பாடாவிட்டால், ஏன் பாடவில்லை என்று யோசிப்பேன்.

"என்னடி, சிஐடி மாதிரி நிக்கிறாய்" என்பாள் றெஜினா.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவைப்பாதை தெருவால் வந்து காவலரணைக் கடந்து கோயிலுக்குத் திரும்பும். றெஜினா கறுப்புச் சட்டையோடு நடந்தாள். நான் அவளுடைய முழங்கையைத் தொட்டபடி நடந்தேன். தார் கொதித்தது. காவலரணுக்குக் கிட்ட வரும்போது, சிலுவை சுமந்தவர்களில் பருத்த மனிதர் ஒருவரின் செருப்பு வார் அறுந்தது. அவர் ஒற்றைக்காலில் துள்ளினார். றெஜினா சிரித்தாள். மெல்ல அல்ல, வாய்விட்டு. சனம் திரும்பிப் பார்த்தது. காவலுக்கு நின்றவனும் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அது மூக்கால் வந்தது.

வீதியோரப் பூவரசின் கீழே டொக்டர் நின்றார். விடுமுறை நாள். கிளினிக் இல்லை. சைவக்காரர்; சிலுவைப்பாதைக்கு அவர் வரக் காரணமே இல்லை. பஸ்ஸில் வந்து, காவலரணுக்கு நேரெதிரே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் கூட்டத்தை விட்டு விலகி அவரிடம் போனேன். அவர் கண் றெஜினாவிலேயே இருந்தது.

"இந்தச் சிரிப்பு என்ன?"

எனக்குத் தெரியும் என்றுதான் மனம் சொன்னது. ஆறு வயதிலிருந்து தெரியும். மூன்றாம் வகுப்பில் இதே பெரிய வெள்ளியில் சிரித்துக் கன்னியாஸ்திரியிடம் அடி வாங்கினவள் அவள். ஆனால் வாய் திறக்கப் பயமாக இருந்தது.

"ராத்திரி ஒம்பதுக்குப் படுத்து அஞ்சுக்குத்தான் எழும்பினவள். தாயிட்டக் கேட்டனான். பேச்சு வழமை மாதிரித்தான். இந்தச் சிரிப்பு அவளின்ர சொந்தச் சிரிப்பு டொக்டர், நோய் இல்லை." பிறகு சொன்னேன்: "ஆனா உப்பிலயும் எனக்குத் தெரியும் எண்டுதான் சொன்னனான்."

"அது தெரிஞ்சுதான் உம்மட்டக் கேக்கிறன்" என்றார்.

சட்டைப்பையில் கையை வைத்தார். அதற்குள் ஒரு கடதாசிப் பை தெரிந்தது. அவள் சிரிப்பு நோயென்றால் அங்கேயே கொடுப்பதற்குப் பழைய குளிசை கொண்டுவந்திருக்கிறார். றெஜினா காவலரணைத் தாண்டினாள். கம்பிப் பக்கம் திரும்பவில்லை. கோயில் வளைவுக்குள் அவளுடைய கறுப்புச் சட்டை மறையும்வரை நின்றவர், சட்டைப்பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார்.

"ஞாயிறு வரைக்கும் பொறுப்பம். நீர் சொன்னதை வைச்சுத்தான் இதைச் செய்யிறன்."

பஸ் வந்தது. ஏறினார். அன்று அவர் எங்கும் இறங்கித் திரும்பி வரவில்லை. வரமாட்டாரா என்று சாயந்தரம்வரை நான் பாதையைப் பார்த்தேன். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு றெஜினா வீட்டுக்குப் போனேன். தையல் மெசினுக்குப் பக்கத்தில் படுத்தேன். அவள் புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு விழிப்பு வந்தது. அவள் குறட்டை விட்டாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து தாய் உலை வைத்தாள். நாற்பது நாளுக்குப் பிறகு உப்புப் போட்ட மீன்குழம்பு. மூவரும் சாப்பிட்டோம். மத்தியானம் நான் சந்தித் தொலைபேசிக் கடைக்குப் போய் டொக்டரின் குவாட்டர்ஸ் இலக்கத்தைச் சுழற்றினேன். மணி ஒருமுறை முழுதாக அடிக்கவில்லை; எடுத்துவிட்டார்.

"சொல்லும்."

"உப்புப் போட்டுச் சமைச்சாச்சு டொக்டர். றெஜி வயிறு நிறையத் திண்டிட்டு நித்திரை கொள்ளுறாள்."

அந்தப் பக்கத்தில் ஒரு கதிரை நிலத்தில் இழுபடும் சத்தமும், ஒரு மனிதர் அதில் பொத்தென்று இருக்கும் சத்தமும் கேட்டன.